மில்லி அக்காவும் முப்பத்தேழு டிகிரி தண்ணீரும்

போன மாதம் எங்கள் மருத்துவமனையில் ஒரு கூட்டம் நடந்தது. புது இயந்திரத்தின் துணையோடு செய்த கல்லீரல் ஆபரேஷன்கள் நூறு முடிந்துவிட்டனவாம். மேடையில் நிர்வாக இயக்குநர் பேசினார், கம்பெனிக்காரர் பேசினார், எங்கள் சீஃப் டாக்டரும் பேசினார். இயந்திரத்துக்கே ஒரு பூங்கொத்து வைத்திருந்தார்கள். சீஃப் மட்டும் “எங்க டெக்னிக்கல் டீம்” என்று ஒரு வார்த்தை சொல்லி எங்கள் பக்கம் பார்த்தார். டீம் என்றால் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மில்லி அக்கா ஒருத்தர்தான். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. மேடையில் கட்டியிருந்த துணி இடது பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது என்று என் காதில் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தியேட்டரில் எனக்கு வேலை. டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. வயிற்றில் நாலைந்து சின்ன ஓட்டை போட்டுச் செய்யும் ஆபரேஷனில் ஓர் ஓட்டை வழியாகக் கேமரா உள்ளே போகும். அந்தக் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். மூன்று மணி நேரமானாலும் கை ஆடக் கூடாது. மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. அதனால் எனக்கு ‘ஸ்டாண்டு’ என்று பெயர். வைத்தவர் அக்கா. பதிலுக்கு அவருக்கு ‘மில்லிமீட்டர்’ என்று நான் வைத்தேன். சொல்லச் சொல்ல நாக்கு சோர்ந்து ‘மில்லி’ ஆகிவிட்டது. இப்போது அவருடைய அண்ணியே போனில் “மில்லி இருக்காளா?” என்றுதான் கேட்கிறார்.

பெயர் சும்மா வைக்கவில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் அக்கா பதினோரு வருஷம் ஒரு கண்ணாடிக் கடையில் இருந்தார். கண்ணின் நடுப்புள்ளிக்கு நேராக லென்ஸின் நடுப்புள்ளி வர வேண்டும். அதை அளந்து பேனாவால் புள்ளி வைப்பது அவர் வேலை. இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். “கஸ்டமர் தலையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னா, கோளாறு அவர் தலையில இல்ல, என் கையிலன்னு அர்த்தம்” என்பார். அப்படித் திரும்பி வந்தவர்கள் பதினோரு வருஷத்தில் நாலு பேர். நாலு பேரின் முகமும் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதில் ஒருவர் மீசை உட்பட.

கடையை விட்டு வந்ததற்குக் காரணம் அண்ணன். அவர் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் லாரியில் இருந்தார். இரும்பு பீரோவைத் தனியாளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறுவாராம். முப்பத்தாறாவது வயதில் கல்லீரலில் கட்டி. அப்போதெல்லாம் வயிற்றைத் திறந்துதான் எடுப்பார்கள். விலா எலும்புக்குக் கீழே ஓரத்திலிருந்து ஓரம் வரை வெட்டு. கட்டி போய்விட்டது, ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் தழும்பு பலவீனமாகி, உள்ளே இருப்பது வெளியே துருத்த ஆரம்பித்தது. இப்போது அதே லாரி ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்கிறார். பக்கெட்டில் தண்ணீர் தூக்கினாலும் அண்ணி கத்துவார். பாரம் தூக்கியே பழகிய மனுஷன், மற்றவர்கள் தூக்குவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற கொடுமையை அக்கா தினமும் வீட்டில் பார்த்தார். மாலை வகுப்பில் மருத்துவக் கருவிகள் பற்றிய டிப்ளமாவில் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. வகுப்பில் பாதிப் பேர் அவரை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம்.

இனி அந்த இயந்திரம். பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன்.

கல்லீரல் வெளியே பார்க்க வழவழவென்று ஒரே நிறம். கட்டி உள்ளே எங்கே ஒளிந்திருக்கிறது என்று என் கேமராவுக்குத் தெரியாது. வயிற்றைத் திறந்து செய்யும்போது டாக்டர் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். சின்ன ஓட்டைக்குள் கை நுழையாது. அதற்காக விரல் தடிமனில் ஓர் அல்ட்ராசவுண்ட் குச்சி உண்டு. அதைக் கல்லீரல் மேல் வைத்தால் உள்ளே ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து, உள்ளே இருப்பதைச் சாம்பல் நிறப் படமாக வரையும். புது இயந்திரம் அந்தப் படத்தை எடுத்து என் கேமராப் படத்தின் மேலேயே பொருத்திக் காட்டுகிறது. கல்லீரலின் பரப்புக்குக் கீழே கட்டி ஒரு பச்சை வளையமாகத் திரையில் தெரியும், தொலைவு எண்ணோடு. முதல் நாள் பார்த்தபோது வாயைப் பிளந்துவிட்டேன். மாஸ்க் போட்டிருந்ததால் மானம் தப்பியது.

அந்தப் பச்சை வளையம் நிஜமாகவே கட்டி இருக்கிற இடத்தில்தான் இருக்கிறதா? அதைப் பார்ப்பது அக்காவின் வேலை. தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில், ஜெனரேட்டர் அறைக்கும் துணி துவைக்கும் பகுதிக்கும் நடுவில் அவருடைய பட்டறை. அங்கே மீன் தொட்டி அளவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நைலான் இழைகள். எந்த இழை எங்கே இருக்கிறது என்பது முடி அளவு பிசகாமல் தெரியும். குச்சியைத் தண்ணீரில் இறக்கி, அந்த இழைகளைப் பார்க்க வைத்து, “நீ பார்க்கிற இது இத்தனை ஆழத்தில் இருக்கிறது” என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பார். பிறகு சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லாமல் பச்சை வளையம் தியேட்டருக்குள் வரக் கூடாது. இது சீஃப் போட்ட சட்டம்.

தொட்டித் தண்ணீர் முப்பத்தேழு டிகிரியில் இருக்க வேண்டும், மனித உடம்பின் சூட்டில். குளிர்ந்த தண்ணீரில் ஒலி மெதுவாகப் போகும், சூட்டில் வேகமாகப் போகும். “அதுக்குத் தூரம் தெரியாது ஸ்டாண்டு, நேரம்தான் தெரியும்” என்று எனக்கு ஒரு நாள் விளக்கினார். “நடந்து வர்றவன் சோம்பேறியா சுறுசுறுப்பானவனான்னு தெரியாம, வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் வச்சு வீடு எவ்வளவு தூரம்னு சொல்ற ஆளு இது. நாமதான் சோம்பேறியை உள்ள விடாம பாத்துக்கணும்.”

இது போதாதென்று அக்காவிடம் சொந்தச் சரக்கு ஒன்றும் இருந்தது. ஜெலட்டினில் கிளிசரின் கலந்து, கல்லீரலுக்குள் ஒலி என்ன வேகத்தில் போகுமோ அதே வேகத்தில் போகும்படி பக்குவம் பார்த்து, செங்கல் அளவுக்கு ஒரு ஜெல்லிக் கட்டி செய்து வைத்திருந்தார். உள்ளே மூன்று வெள்ளை மணிகள்: முப்பது, ஐம்பது, எழுபது மில்லிமீட்டர் ஆழத்தில். உறைந்து நிலைக்க இரண்டு வாரம் ஆகும். தாளில் எல்லாம் சரி என்று வந்த பிறகும் குச்சியை இந்த ஜெல்லி மேல் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். நாங்கள் அதைக் கேக் என்று சொல்லிச் சிரிப்போம். “எப்பக்கா வெட்டப் போறீங்க?” என்று நான் கேட்காத வாரம் கிடையாது.

வெட்டினார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஓர் அம்மாளை, அவருடைய ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு ஸ்கேன் அறை வாசலில் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும், கட்டையான உருவம், குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். கல்லீரலில் கட்டி, பெரிய ரத்தக் குழாய் ஒன்றுக்குப் பக்கத்தில். அக்கா கையில் பைலோடு போவதைப் பார்த்து மடக்கிக்கொண்டார்.

“ஏம்மா, எனக்கு ஓட்டைதானே போடுவாங்க? கிழிக்க மாட்டாங்கல்ல?”

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“அவங்க ஓட்டைன்னுதான் சொன்னாங்க. ஆனா கையெழுத்து வாங்குறப்ப, தேவைப்பட்டா திறப்போம்னு ஒரு வரி படிச்சுக் காட்டினாங்க. எங்க வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. கட்டில்லேர்ந்து நாற்காலி, நாற்காலிலேர்ந்து கட்டில், ஒரு நாளைக்கு ஆறு தடவை தூக்குறது நான் ஒருத்திதான். கிழிச்சுட்டு, பாரமே தூக்காதேன்னு சொல்லிட்டா அவரை எங்க கொண்டு போய் வைக்கிறது? அலமாரியிலயா?”

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “ஓட்டைதான்க்கா. நான் பாத்துக்கறேன்” என்றார். அப்படி வாக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரமே கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

ஆபரேஷன் நாள். காலை ஏழரை மணிக்கு என் கேமராவையும் சேர்த்துச் சரிபார்க்க நான் பட்டறையில் இருந்தேன். இயந்திரத்தை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் அந்த வாரம் வந்திருந்தார். டை கட்டியவர், நல்ல மனிதர்தான், ஆனால் திரை சொன்னால் வேதவாக்கு அவருக்கு. முந்தின நாள் மாலை குச்சியில் ஒரு பாகம் மாற்றியதால் அக்கா புதிதாக அளவு எடுத்து முடித்திருந்தார். காலையில் தொட்டியில் வைத்து மறுபடி சோதித்தார்கள். திரையில் பச்சை டிக். பிழை 0.3 மில்லிமீட்டர்.

“சூப்பர். கையெழுத்துப் போட்டுடுங்க மேடம்” என்றார் கம்பெனிக்காரர்.

அக்கா குச்சியை ஜெல்லி மேல் வைத்தார். பார்த்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஐம்பதில் இருக்க வேண்டிய மணி நாற்பத்தெட்டரையில் தெரிந்தது. எழுபதில் இருக்க வேண்டியது அறுபத்தெட்டில். முப்பதாவது மணி மட்டும் கொஞ்சம் பரவாயில்லை.

“ஆழம் கூடக் கூட தப்பும் கூடுது” என்றார் மெதுவாக.

“ஜெல்லி சுருங்கியிருக்கும் மேடம். வீட்டுல செஞ்ச பொருள். அது அங்கீகரிச்ச டெஸ்டே கிடையாது. சாஃப்ட்வேர் பச்சை காட்டுதே.”

“பச்சை காட்டுது. ஆனா ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது.”

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். எட்டு மணி கேஸ். நோயாளி வெறும் வயிற்றோடு மேலே காத்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் சீஃப்பே இறங்கி வந்துவிட்டார். எங்கள் சீஃப்புக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போகும். ஆனால் கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் அவரைப் போல நிதானமான பெண்மணியை நான் பார்த்ததில்லை.

“மில்லி, ஷீட் எங்க?”

“கையெழுத்துப் போட முடியாது மேடம். ஏழு சென்டிமீட்டர் ஆழத்துல இருக்கறதை ரெண்டு மில்லிமீட்டர் மேல தள்ளிக் காட்டுது. கட்டியோட அடிப்பக்கம் இவ்வளவுதான்னு நினைச்சு நீங்க வெட்டினா, கொஞ்சம் உள்ளயே தங்கிடும்.”

“டெஸ்ட் பாஸ் ஆயிருக்குன்னு இவர் சொல்றாரு.”

“ஆயிருக்கு.”

“அப்ப உன் கேக் சொல்றதை நான் நம்பணும்?” சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க பாரு. அந்தக் கட்டிக்குக் கீழ ரத்தக் குழாய் ஓடுது. தாராளமா வெட்ட எனக்கு இடம் இல்ல. நீ கையெழுத்துப் போட்டா ஓட்டை வழியா செய்வேன். போடலைன்னா வயித்தைத் திறந்து கையால தடவிப் பாத்து எடுப்பேன். சந்தேகத்தோட உள்ள போக மாட்டேன். எது பொய்யின்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லு.”

அக்கா நின்றார். போட்டால் கட்டியின் துணுக்கு உள்ளே. போடாவிட்டால் அந்த அம்மாளின் வயிற்றில் அண்ணனின் தழும்பு. அவர் முகத்தில் இரண்டும் ஓடுவதை நான் பார்த்தேன். எனக்கே போட்டுத் தொலைத்தால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லக் கூசுகிறது, ஆனால் தோன்றியது.

மேஜை இழுப்பறையைத் திறந்து நீளக் கத்தியை எடுத்தார். இரண்டு வாரம் உறையவைத்த ஜெல்லியை, ஐம்பதாவது மணியை ஒட்டி, ஒரே இழுப்பில் இரண்டாக வெட்டினார். வெட்டு முகத்தில் மணி பாதி வெளியே தெரிந்தது. அளவுக் கருவியைத் தானே எடுக்கவில்லை, சீஃப்பின் கையில் கொடுத்தார்.

“நீங்களே அளங்க மேடம். நான் அளந்தா என் கேக்குன்னு சொல்லுவீங்க.”

சீஃப் அளந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். கம்பெனிக்காரரிடம் கொடுத்தார், அவரும் அளந்தார்.

“அம்பது” என்றார் அவர். குரல் கீழே போய்விட்டது.

ஆக, பொய் சொன்னது தொட்டி. அக்கா அதன் பக்கம் திரும்பினார். வெப்பமானி முப்பத்தேழு என்று காட்டிக்கொண்டிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டார். முழங்கை வரை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

“மேல சுடுது. கீழ ஐஸ்” என்றார்.

ஹீட்டரும் வெப்பமானியும் தொட்டியின் மேல் மூலையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தண்ணீரைக் கலக்கிவிட ஒரு சின்னப் பம்பு உண்டு. அது ஓடவில்லை. சூடு மேலேயே தங்கிவிட்டது. இழைகள் இருக்கிற ஆழத்தில், ஏ.சி. அறையின் குளிர். அந்தக் குளிரில் இயந்திரத்துக்குத் தப்பாகப் பாடம் சொல்லி, அதே குளிரில் பரீட்சையும் வைத்திருக்கிறார்கள். தப்பும் தப்பும் கைகுலுக்கிக்கொண்டு பச்சை டிக் வாங்கிவிட்டன.

“பம்பு ரிப்பேர் போல” என்றார் கம்பெனிக்காரர் ஆறுதலாக.

நானும் அக்காவின் பக்கம் சாய்ந்து, “ஆமான்னு சொல்லிடுங்கக்கா” என்று முணுமுணுத்தேன். நேற்று மாலை நடந்தது எனக்கு நினைவு வந்துவிட்டது. தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பிச் சூடேறிக்கொண்டிருந்தபோதே, பம்பின் அதிர்வில் இழைகள் நடுங்கி, படம் கலங்கலாக வந்தது. தெளிவாக வர வேண்டும் என்று அக்காதான் பம்பை நிறுத்தினார். ஐந்து நிமிஷம் என்றார். அதற்குள் அண்ணி போன் செய்தார். பேசி முடித்து, பம்பை மறந்துவிட்டு, அளவு எடுத்தார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

“பம்பு நல்லாத்தான் இருக்கு மேடம். நேத்து நான்தான் நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துட்டேன். தப்பு என்னோடது.” சொல்லும்போது அவர் காது சிவந்துவிட்டது. கை இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

சீஃப் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “நேத்து சாயந்திரத்துக்கு அப்புறம் இந்தக் குச்சி யாருக்காவது போச்சா?”

“இல்ல மேடம். இவங்கதான் முதல்.”

“சரி செய்ய எவ்வளவு நேரம்?”

“ரெண்டு மணி நேரம் குடுங்க.”

“பித்தப்பைக் கேஸை முன்னாடி எடுக்கறேன். அதுக்கு உன் பச்சை வளையம் வேண்டாம். பத்து மணிக்கு ஷீட் என் கையில இல்லன்னா அந்தம்மாவைத் திறந்துடுவேன். காக்க வச்சு மயக்கம் போட வைக்க முடியாது.” படியேறும்போது திரும்பி என்னைப் பார்த்தார். “ஸ்டாண்டு, உனக்குத் தனியா அழைப்பிதழ் வைக்கணுமா?”

அதனால் கீழே நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. பித்தப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பித்தப்பை பார்த்திருக்கிறேன். அன்று பார்த்தது போல எதுவும் நீளவில்லை. சுவர்க் கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால். திரும்ப முடியாது. நர்ஸிடம் கண்ணால் கேட்பேன், அவர் விரலால் காட்டுவார். ஒன்பது ஐந்து. ஒன்பது இருபது.

கீழே நடந்ததைக் கம்பெனிக்காரரே பிறகு எனக்குச் சொன்னார். பம்பைப் போட்டதும் தண்ணீர் கலந்து இருபத்து நாலுக்கு இறங்கிவிட்டது. அந்தக் குட்டி ஹீட்டரை நம்பினால் மதியம் ஆகிவிடும். தியேட்டர் நர்ஸ் ஒருவர் சூடு படுத்திவைத்த சலைன் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாராம். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். உப்புத் தண்ணீரில் ஒலியின் வேகமே வேறு. ஒரு தப்பைத் திருத்த இன்னொரு தப்பை ஊற்றுவதா? பிறகு வார்டு வார்டாகக் கெட்டில் வேட்டை. நர்ஸ்கள் டீ போட வைத்திருந்த கெட்டில்கள் ஐந்து சேர்ந்தன. கம்பெனிக்காரர் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மாடிக்கும் பட்டறைக்கும் கொதிநீர் சுமந்தாராம். அதையும் அப்படியே கொட்ட அக்கா விடவில்லை. வேகமாக ஊற்றினால் குமிழி வந்து இழைகளில் ஒட்டிக்கொள்ளும். குமிழி இருந்தால் படம் பாழ். தொட்டியின் சுவரோடு ஒட்டி, நூல் மாதிரி, ஒவ்வொரு கெட்டிலாக அவரே ஊற்றினார். மேலே ஒரு வெப்பமானி, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. “மூணும் முப்பத்தேழு காட்டுற வரைக்கும் யாரும் என்கிட்ட மணி சொல்லாதீங்க” என்றாராம்.

மூன்றும் முப்பத்தேழு காட்டியபோது ஒன்பது மணி இருபத்தெட்டு. பிறகு அறுபது இடங்களில் குச்சியை வைத்து அளவு எடுக்க வேண்டும். பாதியில் அண்ணி வழக்கம் போல போன் செய்தார். அடித்து ஓய்ந்தது.

பித்தப்பையை வெளியே எடுத்துத் தையல் போட்டுக்கொண்டிருந்தார் சீஃப். நர்ஸ் ஒன்பது ஐம்பத்தைந்து என்று காட்டினார். அடுத்த மேஜையில் பெரிய வெட்டுக்கான கருவிகள் அடுக்கிய தட்டைத் துணி போட்டு மூடித் தயாராக வைத்திருந்தார்கள். எனக்கு அந்தத் தட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கதவு திறந்தது. அக்கா. தொப்பி கோணல், வலது கைச் சட்டை தோள் வரை ஈரம். கையில் தாள். சீஃப் கையுறையைக் கழற்றாமல், “படி” என்றார்.

“வெட்டின ஜெல்லியில ஒவ்வொரு பாதியிலயும் ஒரு வெள்ளை மணி மிச்சம் இருந்துச்சு மேடம், அதுல வச்சுப் பாத்தேன். முப்பது, முப்பதுல இருக்கு. எழுபது, அறுபத்தொம்பது புள்ளி எட்டுல இருக்கு.”

“கையெழுத்து?”

“போட்டாச்சு. கீழ ஒரு குறிப்பும் எழுதியிருக்கேன். முதல் அளவு தப்பு, பம்பை நிறுத்திட்டு மறந்தது நான்னு.”

“அது எழுதணுமா?”

“எழுதியாச்சு மேடம்.”

சீஃப் அந்தத் தட்டைக் கண்ணால் காட்டினார். நர்ஸ் அதைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் வைத்தார்.

கல்லீரல் ஆபரேஷன் மூன்றே கால் மணி நேரம் நடந்தது. அக்கா போகவில்லை. சுவரோரம், யார் காலிலும் இடிக்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பச்சை வளையம் திரையில் நின்ற இடத்தில் நின்றது. நானும் நின்ற இடத்தில் நின்றேன். சீஃப் வளையத்துக்கு வெளியே ஓர் ஓரம் விட்டு, கீழே ரத்தக் குழாயைத் தொடாமல், மெதுவாக வந்தார். கட்டியைப் பைக்குள் போட்டு, அடிவயிற்றில் தீப்பெட்டி நீளக் கீறல் ஒன்று வழியாக எடுத்தார்கள். மற்றதெல்லாம் ஓட்டைதான்.

ஆறு நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது. அடிப்பக்கத்தில், கட்டிக்கும் வெட்டுக்கும் நடுவே நல்ல திசு மூன்று மில்லிமீட்டர். சீஃப் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு இறங்கி வந்து, அக்காவின் மேஜை மேல் வைத்து, அந்த மூன்றின் மேல் விரலை வைத்தார். “இதுல அந்த ரெண்டைக் கழிச்சுப் பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா கழித்துப் பார்த்திருப்பார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

அதற்கு அடுத்த நாளே ஹீட்டரையும் பம்பையும் ஒரே சுவிட்சில் இணைத்துவிட்டார். பம்பு நின்றால் சூடும் நின்றுவிடும். மூன்று வெப்பமானிகளும் தொட்டியிலேயே தங்கிவிட்டன. புது ஜெல்லிக்கும் பக்குவம் கலக்கினார். இம்முறை மணிகள் ஐந்து. “எப்பக்கா வெட்டப் போறீங்க?” என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ஸ்கேன் அறை வராந்தாவில் அக்காவோடு நடந்துகொண்டிருந்தேன். கதவருகே ஒரு சக்கர நாற்காலி சிக்கிக்கொண்டு நின்றது. முன் சக்கரம் ஒன்று வாசல் சட்டத்தின் பள்ளத்தில் மாட்டியிருந்தது. நாற்காலியில் ஒரு மெலிந்த மனிதர். பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தவரின் குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. பரிசோதனைக்கு வந்திருக்கிறார், வீட்டில் விட ஆளில்லாததால் கணவரையும் கூட்டிக்கொண்டு.

“இப்படி வராது. இருங்க” என்றவர், முன்னால் வந்து குனிந்து, கணவரின் அக்குள் இரண்டிலும் கை கொடுத்து, ஒரே தூக்காகத் தூக்கினார்.

“மெதுவாடி, நான் என்ன மூட்டையா?” என்றார் கணவர் காற்றில் தொங்கியபடி.

“மூட்டைன்னா வாயை மூடிக்கிட்டு வருமே.”

பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தார். இடுப்பைப் பிடிக்கவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. மூச்சுகூட வாங்கவில்லை. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

“யாரும்மா நீ? எதுக்கு அழற?”

“ஒண்ணுமில்லக்கா. எங்க அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு.”

“அழறதை அப்புறம் வச்சுக்கலாம். நான் இந்தச் சனியனைப் பள்ளத்துலேர்ந்து இழுக்கறேன், நீ அந்தப் பக்கம் சக்கரத்தைப் பிடி. ஆடாம பிடிக்கணும், தெரியுதா?”

“தெரியும்க்கா” என்று அக்கா மண்டியிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார். ஆடாமல் பிடித்தார். நான் மறுபக்கம் போய்ப் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் கை ஆடியது.